20 பேர், 190 உறவுகள்

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் களியல் ஆட்டம் நடக்கும்போது கிட்டப் போய் நின்றால், பாட்டுக்கு முன்னால் காதில் விழுவது கோலின் ஓசைதான். நடுவில் விளக்கு. அதைச் சுற்றி வட்டமாக ஆட்டக்காரர்கள், கையில் கோல்கள். ஆசான் தாளம் தட்டி ஓர் அடி பாடுவார். ஆடுகிறவர்கள் அதையே திருப்பிப் பாடியபடி குனிந்து, நிமிர்ந்து, சுழன்று, இந்தப் பக்கத்து ஆளின் கோலில் ஒரு தட்டு, அந்தப் பக்கத்து ஆளின் கோலில் ஒரு தட்டு என்று சுற்றி வருவார்கள். பாட்டு ராமாயணக் கதையாக இருக்கும். தேவாலயத் திருவிழா என்றால் கிறிஸ்தவக் கதையாகவும் இருக்கும். ஆட்டம் போகப்போக வேகம் கூடும். ஆனால் தட்டு தவறாது.

எப்படித் தவறாமல் இருக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஓசையைக் கேட்டு, மூளை முடிவெடுத்து, கை அசையத் தொடங்குவதற்கு ஒரு நொடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். கோலின் நுனி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். தாளம் காதில் விழுந்த பிறகுதான் கையை ஓங்குவேன் என்று ஓர் ஆட்டக்காரர் காத்திருந்தால், அதற்குள் பக்கத்து ஆளின் கோல் அரை மீட்டர் கடந்து போயிருக்கும். அடி கோலில் விழாது, யாருடைய விரலிலாவது விழும்.

யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை. அடுத்த தாளம் எந்தக் கணத்தில் விழும் என்று ஒவ்வொரு மூளையும் முன்கூட்டியே கணித்து, கையை முன்னதாகவே அனுப்பிவிடுகிறது. இதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். சீரான தாளத்துக்கு விரலால் மேசையைத் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் தாளம் விழுவதற்கு ஒரு நொடியில் நூறில் சில பங்கு முன்னாலேயே தட்டிவிடுகிறார்கள். சேர்ந்து ஆடுவது என்றாலே, வரப்போகும் கணத்தைப் பல மூளைகள் ஒன்றுபோலக் கணிப்பது என்று அர்த்தம்.

இப்போது அதே வட்டத்தை ஒரு கல்லூரி விடுதியின் மொட்டைமாடிக்குக் கொண்டுபோவோம். விளக்குக்குப் பதில் ஒரு ஸ்பீக்கர். ஆசானுக்குப் பதில் ஜும்பாவோ ஏரோபிக்ஸோ தெரிந்த ஒரு சீனியர். உடல் இளைக்கட்டும் என்றுதான் முதல் நாள் பலரும் வருவார்கள். உடல் இளைக்கிறதோ இல்லையோ, ஒரு பருவம் முடிவதற்குள் வேறு இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன: கூச்சம் குறைகிறது, கூட்டம் சேர்கிறது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

காதுக்குள் ஒரு கால்

நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் ஒருவரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கேட்கும் பகுதி மட்டுமல்ல, உடலை அசைக்கும் பகுதிகளும் விழித்துக்கொள்கின்றன. குறிப்பாக, மூளையின் ஆழத்தில் இருந்து அசைவுகளை ஒழுங்குபடுத்தும் 'பேசல் கேங்லியா' என்ற நரம்புத் திரள், தாளம் சீராக இருக்கும்போது கூடுதலாகச் செயல்படுகிறது. ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-ல் இதைப் பதிவு செய்தார்கள். மூளையின் கணக்கில், தாளத்தைக் கேட்பதே பாதி ஆட்டம்.

இதை யாரும் கற்றுத்தர வேண்டியதும் இல்லை. 2009-ல் ஹங்கேரிய, டச்சு ஆய்வாளர்கள், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது டிரம் தாளத்தைக் கேட்கவைத்தார்கள். முதல் அடி விழ வேண்டிய இடத்தில் அதை விட்டுவிட்டால், தூங்கும் குழந்தையின் மூளை அலைகளில் ஒரு திடுக்கிடல் தெரிந்தது. அம்மா முகமே மங்கலாகத் தெரியும் வயதில், தாளம் தவறியது பிடிபடுகிறது.

விலங்குகளில் இந்தத் திறமை அபூர்வம். நாய்க்கும் குரங்குக்கும் பாட்டு கேட்கும்; தாளத்தோடு காலைச் சேர்ப்பது தானாக வராது. அதே 2009-ல் அறிவியல் உலகைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தது 'ஸ்னோபால்' என்ற காக்கட்டூ கிளி. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் பாட்டை வேகமாக ஓட்டினாலும் மெதுவாக ஓட்டினாலும் அதற்கேற்பத் தலையையும் காலையும் மாற்றி ஆடியது. அனிருத் படேலும் அவர் குழுவினரும் அதை அளந்து பார்த்துத்தான் நம்பினார்கள்.

எந்த வேகம் நமக்கு வசதி என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மனிதர் உடலில் அசைவுமானியைக் கட்டிவிட்டு அன்றாட வேலையைச் செய்யவிட்டால், நடையின் இயல்பான வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 அடியாக வருகிறது. நிமிடத்துக்கு 120. ஆட வைக்கும் பாட்டுகள் உலகெங்கும் பெரும்பாலும் இந்த எண்ணைச் சுற்றியே நிற்கின்றன. நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குள் நடக்கும் வேகமும் கல்யாண வீட்டுக் குத்துப்பாட்டின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எட்டுக்குள் அடங்கும் வித்தை

'எனக்கு டான்ஸ் வராது' என்று சொல்லும் ஒரு முதலாண்டு மாணவி, இரண்டு வாரத்தில் எப்படி 4 நிமிடப் பாட்டுக்கு முழுவதுமாக ஆடிவிடுகிறாள்? 4 நிமிடம் என்றால் 480-க்கும் மேற்பட்ட தாள அடிகள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. நம் உடனடி நினைவு ஒரே நேரத்தில் நான்கைந்து சங்கதிகளைத்தான் ஏந்தும்.

இந்த எல்லைக்குள் நிற்பதில்தான் உடற்பயிற்சி நடனத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. பாட்டை எட்டு எட்டாக வெட்டுகிறார்கள். நான்கு எட்டு சேர்ந்தால் 32. அது ஒரு கட்டு. நிமிடத்துக்கு 128 அடி உள்ள பாட்டில் ஓர் எட்டு என்பது 4 நொடிக்கும் குறைவு; ஒரு கட்டு 15 நொடி. நமக்கு இந்த எட்டு புதிதும் அல்ல. ஆதி தாளத்தின் ஒரு சுற்றும் எட்டு அட்சரம்தான்.

முதல் எட்டில் ஓர் அசைவு. அது காலுக்குப் பழகிய பிறகு இரண்டாவது. பிறகு இரண்டையும் சேர்த்து ஒருமுறை. பிறகு மூன்றாவது. இப்படிக் கோத்துக்கொண்டே போனால், நான்கு அசைவு தெரிந்தவளுக்கு ஒரு கட்டு தெரியும். மூன்று கட்டு தெரிந்தவளுக்கு ஒரு பாட்டே தெரியும். பல்லவி திரும்ப வரும்போது அசைவும் திரும்ப வருகிறது. பாட்டே நினைவூட்டும் ஆளாகிவிடுகிறது.

சொல்லித்தருகிறவர் செய்யும் இரண்டு வேலைகள் வெளியே தெரிவதில்லை. ஒன்று, அடுத்த அசைவை அது வருவதற்கு நான்கு அடி முன்பே குரலிலோ கையிலோ காட்டிவிடுவது. கேட்பவருக்குத் தயாராகக் கிடைக்கும் நேரம் 2 நொடி. அதைவிடப் பிந்தினால் கால் தடுமாறும். ரொம்ப முந்தினால் மறந்துபோகும். இரண்டாவது, நம்மைப் பார்த்து நின்றுகொண்டு, 'வலது' என்று சொல்லியபடி தன் இடது காலைத் தூக்குவது. பார்ப்பவருக்கு அது கண்ணாடியில் தெரிகிற தன் வலது கால். களியல் ஆசானும் ஓர் அடியைத் தானே முதலில் பாடி, பிறகு ஆட்டக்காரர்களைத் திருப்பிப் பாடவைக்கிறார். அடுத்தது என்ன என்பது ஆடுகிறவருக்கு எப்போதும் ஒரு கணம் முன்னதாகவே தெரிந்துவிடுகிறது.

மூச்சு வாங்கும் கணக்கு

உடல் அப்போது என்ன செய்கிறது? 20 வயதுக்காரரின் இதயம் அதிகபட்சம் நிமிடத்துக்கு 200 முறை துடிக்கும் என்பது தோராயக் கணக்கு (220-ல் இருந்து வயதைக் கழிக்க வேண்டும்). நல்ல நடனப் பயிற்சியில் அது 140 வரை போகும். 45 நிமிடத்தில் 6,300 துடிப்பு. அதே நேரம் கட்டிலில் படுத்து ரீல்ஸ் பார்த்திருந்தால் 3,200 அளவில் நின்றிருக்கும். 55 கிலோ எடையுள்ள பெண் இந்த 45 நிமிடத்தில் செலவிடுவது ஏறக்குறைய 250 கலோரி. நாலைந்து இட்லி. பெரிய எடைக்குறைப்பு இல்லைதான். ஆனால் வாரம் மூன்று மாலை ஆடினால், வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுக்கு 15 நிமிடம்தான் குறையும். மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே அது நிறைந்துவிடும்.

இந்த அளவை எட்டுவது நம் நாட்டில் சாதாரணம் இல்லை. 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. பெண்கள் விடுதிகளில் மாலை ஆறு மணிக்கு வாசல் கதவு பூட்டப்படும் ஊரில், மொட்டைமாடிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இந்த 15 சதவீத இடைவெளி சொல்கிறது.

வலியை அளந்த பட்டை

இனி வருவதுதான் இந்தக் கதையின் மையம். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகப் படகுக்குழு வீரர்கள் 12 பேரை எமா கோஹனும் ராபின் டன்பாரும் சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். முடிவு 2010-ல் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் வந்தது. வீரர்கள் துடுப்பு இயந்திரத்தில் 45 நிமிடம் தனியாக வலித்தார்கள். வேறொரு நாள் ஆறு பேராகச் சேர்ந்து, ஒரே சீரில் வலித்தார்கள். உழைப்பு இரண்டு நாளும் ஒரே அளவு. ஆனால் சேர்ந்து வலித்த நாளில், வலியைத் தாங்கும் எல்லை கணிசமாக உயர்ந்திருந்தது.

படகு வலிப்பவரிடம் வலியை ஏன் அளக்க வேண்டும்? எண்டார்பின் என்ற பொருளுக்காக. மூளையே சுரந்துகொள்ளும் வலிநிவாரணி அது. ஓபியம் வேலை செய்யும் அதே பூட்டுகளில் போய் உட்காரும். இதமான மனநிலையையும் தரும். மூளைக்குள் அது எவ்வளவு சுரக்கிறது என்பதை நேரடியாக அளப்பது கஷ்டம். இரத்தத்தில் இருப்பதை அளந்து பயனில்லை. மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பை எண்டார்பின் எளிதில் கடக்காது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு எடுக்கலாம். அதற்கு யார் முதுகைக் காட்டுவார்கள்? எனவே ஆய்வாளர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்க்கும் அதே பட்டை. கையில் கட்டிக் காற்றை ஏற்றிக்கொண்டே போவது. 'போதும், வலிக்கிறது' என்று சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்வது. ஆட்டத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. எண் ஏறியிருந்தால், உள்ளே எண்டார்பின் சுரந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்தப் பட்டையை நடனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பிரான்வின் டார். 2015-ல் வெளியான ஆய்வில், பிரேசிலின் மராஜோ தீவுப் பள்ளி மாணவர்கள் 264 பேரை மூவர் மூவராக ஆடவைத்தார் அவர். சிலர் எழுந்து நின்று முழு உடலால் ஆடினார்கள். சிலர் உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தார்கள். இரண்டு வகையிலும் சில குழுக்களில் மூவருக்கும் ஒரே அசைவு. மற்றவற்றில் ஆளுக்கொரு அசைவு. கடைசியில் பட்டையைக் கட்டி வலியை அளந்தார்கள். குழுவினரோடு எவ்வளவு நெருக்கமாக உணர்கிறாய் என்றும் கேட்டார்கள்.

விடை இரண்டு பகுதியாக வந்தது. கடும் உழைப்பு வலி எல்லையையும் நெருக்கத்தையும் உயர்த்தியது. ஒரே சீரில் ஆடியதும், உழைப்பைச் சாராமல், தனியாக இரண்டையும் உயர்த்தியது. வியர்வைக்கு ஒரு பலன், ஒத்திசைவுக்கு ஒரு பலன். இதில் விடுதிக்கு ஒரு செய்தி இருக்கிறது. முட்டிவலிக்காரியோ மாதவிடாய் நாளில் களைத்துப் போனவளோ அறையில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. வட்டத்துக்குள் ஒரு நாற்காலி போட்டு, கையசைவை மட்டும் மற்றவர்களோடு சேர்த்துச் செய்தாலும் பங்கு கிடைக்கும்.

கூடச் சேர்ந்து நடந்தவர்கள்

நெருக்கம் வெறும் உணர்வாக நிற்காமல் நடத்தையிலும் தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வில்டர்முத்தும் சிப் ஹீத்தும் மாணவர்களை மூவர் மூவராக வளாகத்தில் நடக்கவிட்டார்கள். சில குழுக்கள் கால் சேர்த்து நடந்தன, மற்றவை இஷ்டம்போல. பிறகு ஒருவரையொருவர் நம்பினால்தான் எல்லாருக்கும் லாபம் கிடைக்கும் ஒரு விளையாட்டு. கால் சேர்த்து நடந்தவர்கள் அதிகமாக ஒத்துழைத்தார்கள். 2009-ல் வந்த இந்த ஆய்வில் இன்னொரு விசேஷம் உண்டு: அவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொல்லவில்லை. உற்சாகம் பொங்காமலே ஒத்துழைப்பு வந்துவிட்டது.

குழந்தையிடம்கூட இது தெரிகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கிவைத்துப் பாட்டுக்கு ஆட்ட, எதிரே இன்னொருவர் நின்று தானும் ஆடினார். சில குழந்தைகளுக்கு எதிரே நின்றவரின் ஆட்டம் ஒத்துப்போனது, சிலருக்கு ஒத்துப்போகவில்லை. பிறகு அவர் தன் கையில் இருந்த பொருளைத் 'தவறிக்' கீழே போட்டார். தன்னோடு சேர்ந்து ஆடியவருக்குக் குழந்தைகள் கூடுதலாக ஓடிப்போய் எடுத்துக்கொடுத்தன.

காரணத்தைப் பற்றிய விளக்கம் இப்படிப் போகிறது. நம் கை எப்போது எப்படி அசையும் என்று மூளை ஓயாமல் கணித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணிப்பு பலித்தால் 'இது நான்' என்று பதிந்துகொள்கிறது. கூட ஆடுகிறவரின் கையும் அதே கணத்தில் அதே இடத்துக்குப் போனால், அந்தக் கணிப்பு அவர் மேலும் பலிக்கிறது. நான், நீ என்ற கோடு கொஞ்சம் மங்குகிறது.

யாரும் பார்ப்பதில்லை

கூட்டம் சேர்வதற்கு முன் தாண்ட வேண்டிய ஒரு மதில் உண்டு: வெட்கம். "எட்டி, ஒண்ணும் தெரியாட்டாலும் பரவாயில்ல, சும்மா வந்து நில்லு" என்று அறைத்தோழி எத்தனை முறை இழுத்தாலும், எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள் என்ற பயம் காலைக் கட்டிப்போடும்.

அந்தப் பயத்துக்கும் அளவுகோல் இருக்கிறது. தாமஸ் கிலோவிச்சும் அவர் சகாக்களும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சமான ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டைப் போட்டு, வேறு மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். 'எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?' என்று கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்கு. 2000-ல் வெளியான இந்த ஆய்வு இதற்கு 'ஒளிவட்ட விளைவு' என்று பெயர் வைத்தது. மேடை விளக்கு நம் மேல்தான் விழுகிறது என்று நாமே நினைத்துக்கொள்வது. டி-ஷர்ட்டுக்கே இந்தக் கதி என்றால், பின்வரிசையில் ஒருத்தி இடதுக்குப் பதில் வலது காலை வைத்ததை, தன் காலைத் தேடிக்கொண்டிருக்கும் முன்வரிசைக்காரி எங்கே பார்க்கப்போகிறாள்?

இந்த ரகசியத்தை வைத்தே ஓர் உடற்பயிற்சி இயக்கம் பிறந்தது. 1969-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஜூடி ஷெப்பர்டு மிஸ்ஸெட் என்ற ஜாஸ் நடன ஆசிரியையின் வகுப்பில் இருந்து மாணவிகள் விலகிக்கொண்டே இருந்தார்கள். கேட்டபோது, 'எங்களுக்கு மேடை ஏற வேண்டாம், ஆடினால் போதும்' என்பதுதான் அவர்கள் மனதில் இருந்தது. அவர் அடுத்து செய்தது, மாணவிகளைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் தன்னைப் பார்த்து நிற்க வைத்தது. திருத்தங்களைக் குறைத்தார், கண்ணாடியின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அதுவே 'ஜாஸர்சைஸ்' ஆகிப் பல நாடுகளுக்குப் போனது. தொண்ணூறுகளில் கொலம்பியாவின் காலி நகரில் வகுப்புக்கான ஒலிநாடாவை மறந்து வந்த பெட்டோ பெரஸ், பையில் கிடந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டுச் சமாளித்ததில் பிறந்த ஜும்பாவும் இதே வம்சம்தான்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே ஒன்றைச் செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடல் நிலையைத் தான் புரிந்துகொள்ளும் விதம். நடன வகுப்பில் நான்கும் ஒரே மாலையில் கிடைக்கின்றன. நேற்று வராத எட்டு இன்று வருகிறது. பக்கத்து அறைக்காரிக்கும் வருகிறது. யாரோ 'சூப்பர்' என்கிறார்கள். படபடக்கும் நெஞ்சு, பயத்தின் அடையாளமாக இருந்தது போய் ஆட்டத்தின் அடையாளமாகிறது. கடைசியாகச் சொன்னது லேசான காரியம் இல்லை. செமினாரில் பேச எழும்போதும் அதே நெஞ்சுதான் படபடக்கும். அது ஏற்கெனவே பழகிய படபடப்பு.

கதவுக்கும் கதவுக்கும் நடுவில்

விடுதியில் யார் யாருக்குத் தோழி என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அறை எண். எம்.ஐ.டி.யின் வெஸ்ட்கேட் மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து லியோன் ஃபெஸ்டிங்கர் குழு 1950-ல் எழுதிய புத்தகத்தில் புகழ்பெற்ற கணக்கு ஒன்று உண்டு. அடுத்த வீட்டுக்காரரை நெருங்கியவர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். ஒரு வீடு தள்ளி இருந்தால் 22. அதே மாடியின் இரு கோடிகளில் இருந்தால் 10. ஒரே மாடிக்குள்ளேயே நட்பு நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

நாகர்கோவில் விடுதி ஒன்றில் இதை வைத்துப் பார்த்தால் விபரீதம் புரியும். முட்டம் கடற்கரைப் பிள்ளையும், பேச்சிப்பாறை மலையடிவாரப் பிள்ளையும், பூதப்பாண்டி வயற்காட்டுப் பிள்ளையும், மலையாள வாடை வீசும் தமிழ் பேசும் மார்த்தாண்டத்துப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் மூன்று வருடம் இருந்துவிட்டு, பக்கத்து இரண்டு அறைகளைத் தாண்டி யாரையும் அறியாமல் போய்விடலாம்.

நட்புக்கு நேரமும் வேண்டும். கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் ஆராய்ந்து ஒரு தோராயம் சொன்னார்: அறிமுகமானவர் சாதாரணத் தோழராக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய தோழராக 200-க்கும் மேல். வாரம் மூன்று முறை 45 நிமிடம் என்றால், அந்த 50 மணி நேரம் 22 வாரத்தில் நிறையும். ஒரு கல்வியாண்டுக்குள் முடிகிற கணக்கு.

மன அழுத்தத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் 69 பேரை 12 வாரம் பின்தொடர்ந்த ஆய்வு 2017-ல் வந்தது. பாட்டோடு குழுவாகப் பயிற்சி செய்தவர்களின் மன அழுத்தம் 26 சதவீதம் குறைந்தது. தனியாகப் பயிற்சி செய்தவர்கள் இரண்டு மடங்கு நேரம் உழைத்தும் அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. யார் எந்தக் குழு என்பதை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தை விரும்புகிறவர்களே குழுவுக்குப் போயிருக்கலாம் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

கோலுக்கு இரண்டு முனை

ஒரே சீரில் அசைவது சேர்த்தும் வைக்கும், பிரித்தும் வைக்கும். வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1941-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தபோது, அர்த்தமே இல்லாமல் மணிக்கணக்காக நடந்த அணிவகுப்புப் பயிற்சியில் ஒரு விசித்திரமான பெருமிதத்தை உணர்ந்தார். பிறகு அதற்குத் 'தசைப் பிணைப்பு' என்று பெயர் வைத்து 1995-ல் ஒரு புத்தகமே எழுதினார். படைகளை இறுக்கியது இந்தப் பிணைப்புதான். வட்டத்துக்குள் இருப்பவர்கள் நெருங்க நெருங்க, வெளியே நிற்பவர் தூரமாகிவிடுவார். கட்டாயப்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். 2025 ஜூனில் பக்கத்துக் கேரளத்தில், போதைக்கு எதிரான முயற்சியின் பகுதியாகப் பள்ளிகளில் ஜும்பா வந்தபோது சில மத அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. உடை பற்றியும் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது பற்றியும் வாதம் நீண்டது. வருவதும் வராததும், உடுப்பதும் உடுக்காததும் அவரவர் முடிவாக இருக்கும்வரைதான் மேலே சொன்ன நன்மைகளைப் பற்றிப் பேச முடியும்.

அதனால் விடுதி மாடிக்குச் சில எளிய விதிகள் போதும். ஃபோன்கள் அறையிலேயே இருக்கட்டும். வீடியோ வந்தால் ஒளிவட்டம் உண்மையாகிவிடும். சுடிதாரோ டிராக் பேண்ட்டோ, வசதியானது எதுவும் சரி. பாட்டு மெதுவாகத் தொடங்கட்டும். வரிசை வேண்டாம், வட்டம் வேண்டும். ஓணம் விடுமுறைக்கு முன் குமரி மாவட்டக் கல்லூரிகளில் அத்தப்பூவைச் சுற்றித் திருவாதிரைக்களி ஆடும் பெண்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஐந்து ஐந்தாக நான்கு வரிசை நின்றால், கடைசி வரிசைக்குத் தெரிவது பதினைந்து முதுகு. அதே 20 பேர் வட்டமாக நின்றால், ஒவ்வொருத்திக்கும் 19 முகம். 20-ஐ 19-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 190. ஒரே மாலையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஆடும் ஜோடிகள் அத்தனை.

ஆளுக்கொரு இயர்போனில் 20 பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில், வாரத்துக்கு மூன்று மாலை ஒரே ஸ்பீக்கரில் ஒரே பாட்டு ஓடட்டும். செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டு வரை சத்தமாக எண்ணத் தெரிந்த ஒருத்தி வேண்டும். வார்டனிடம் மொட்டைமாடிச் சாவி கேட்கத் துணிந்த இன்னொருத்தி வேண்டும்.